சிஎம்டி எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – கேள்வி பதில்

சார்க்கோ-மேரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோயைச் சுருக்கமாக சிஎம்டி என்பார்கள். 1886இல் பாரிஸில் சார்க்கோவும் பியர் மேரியும், இங்கிலாந்தில் டூத்தும் இதை விவரித்தார்கள். நான் மருத்துவர் இல்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இருப்பதால் இதைப் பற்றி விடாமல் படித்து வருகிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் பையனுக்கு 11 வயது. அடிக்கடி தடுக்கி விழுகிறான், நடக்கும்போது செருப்பு கழன்றுவிடுகிறது. சிஎம்டியாக இருக்குமா?

இருக்கலாம் அம்மா. செருப்பு விஷயத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கழல்வது அவனுக்குத் தெரிகிறதா, தெரியாமலே நடந்து போகிறானா என்று கவனியுங்கள். தெரிந்தும் விரலால் பிடித்துக்கொள்ள முடியவில்லை என்றால் தசை பலவீனம். தெரியவே இல்லை என்றால் உணர்ச்சி நரம்பும் பாதித்திருக்கலாம். குதிகாலால் மட்டும் நடக்கச் சொல்லிப் பாருங்கள், முடியாவிட்டால் அதுவும் தசை பலவீனத்தின் அறிகுறி. ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் நிற்கவையுங்கள். நடுப்பாதம் பதியாமல் முன்பகுதியும் குதிகாலும் தனித்தனியாகப் பதிந்தால் பாதம் வளைந்து உயர்ந்திருக்கிறது என்று பொருள். அப்புறம், உங்கள் காலையும் வீட்டுக்காரர் காலையும் சேர்த்தே டாக்டரிடம் காட்டுங்கள். லேசாக இருப்பவர்கள் தங்களுக்கு இருப்பதே தெரியாமல் வயதாகிவிடுகிறார்கள்.

தாத்தாவுக்கு இளம்பிள்ளை வாதம் என்றே சொல்லிவந்தோம். இப்போது அண்ணனுக்கும் கால் மெலிகிறது.

அந்தக் காலத்தில் கால் மெலிந்தாலே இளம்பிள்ளை வாதம்தான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது காய்ச்சலோடு சில நாட்களில் வந்துவிடும், பெரும்பாலும் ஒரு காலை அதிகம் தாக்கும், மரத்துப்போகாது. சிஎம்டி இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒன்றுபோல, வருடக்கணக்கில் மெல்ல வரும். தொழுநோயிலும் பாதம் தொங்கும், நரம்பு தடிக்கும். ஆனால் அதில் உணர்ச்சியற்ற தேமல் இருக்கும், பாதிப்பு இடத்துக்கு இடம் மாறும். அதற்கு மருந்து உண்டு என்பதால் அதை முதலில் பார்த்து ஒதுக்குவது நல்லது.

நரம்புக் கடத்தல் பரிசோதனையில் கையில் வேகம் 22 என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் சிஐடிபி என்கிறார், இன்னொருவர் சிஎம்டி என்கிறார்.

சிஐடிபி என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கும் நோய், பரம்பரையாக வருவது அல்ல. சிஎம்டி என்றால், வகை பிரிப்பதற்கு அந்த எண்தான் ஆதாரம். கையில் இயக்க நரம்பில் (தசையை இயக்கும் நரம்பு) சிக்னல் ஓடும் வேகம் சாதாரணமாக நொடிக்கு 50 மீட்டருக்குக் குறையாது. 38க்குக் கீழே போனால் நரம்பின் மேலுறையான மயலின் கெட்டிருக்கிறது: முதல் வகை. வேகம் அதற்கு மேல் இருந்து சிக்னலின் உயரம் மட்டும் குறைந்திருந்தால் உள்ளே இருக்கும் இழையே தேய்கிறது: இரண்டாம் வகை. 25 முதல் 45 வரை இடைப்பட்ட வகைகளும் உண்டு.

இரண்டு கை, எல்லா நரம்பு என்று பார்த்தாலும் ஒரேபோல 20ஐ ஒட்டி இருந்தால் 1ஏ என்ற வகையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதுவே மிகவும் பரவலானது. ஒரு நரம்பில் 22, இன்னொன்றில் 45, நடுவில் சிக்னல் தடைபடுகிறது, சில மாதங்களில் வேகமாக மோசமானது என்றால் சிஐடிபி பக்கம் சாயும். எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் எக்ஸ் வகை சிஎம்டியும் சில சமயம் இப்படி ஏமாற்றும். சிஐடிபி ஸ்டீராய்டுக்குக் கேட்கலாம், சிஎம்டி கேட்காது. அதனால் இதைத் தீர்மானிக்காமல் விடாதீர்கள்.

நிறையச் செலவழித்து எக்ஸோம் என்ற மரபணுப் பரிசோதனை செய்தோம். 'எதுவும் இல்லை' என்று வந்துவிட்டது.

மனசு விட்டுவிடாதீர்கள். பிஎம்பி22 மரபணுவுக்கு எம்எல்பிஏ (மரபணு எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணும் பரிசோதனை) செய்தார்களா என்று கேளுங்கள். 1ஏ வகையில் மரபணுவுக்குள் எழுத்துப்பிழை எதுவும் கிடையாது. 17ஆம் குரோமோசோமில் அந்த மரபணு உள்ள பகுதி ஒரு பிரதி கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான். எக்ஸோம் அதைத் தவறவிடலாம். வேகம் 38க்குக் கீழே உள்ளவர்களுக்கு எம்எல்பிஏதான் முதலில் செய்யவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செலவும் குறைவு. அதிலும் இல்லை என்றால்தான் ஜிஜேபி1, எம்பிஇஸட் என்று மற்ற மரபணுக்களைத் தேட வேண்டும்.

நான் கட்டியது அக்கா மகளை. எங்கள் இருவருக்கும் ஒன்றுமில்லை, இரண்டு பிள்ளைகளுக்கும் கால் பலவீனம்.

ஐயா, பெற்றோர் நன்றாக இருந்து பிள்ளைகளுக்கு வந்தால், அதுவும் சொந்தத்தில் கல்யாணம் என்றால், இருவரிடமும் மறைந்திருந்து சேர்ந்து வெளிப்படும் வகையை நினைக்க வேண்டும். நான்காம் வகை அப்படிப்பட்டது, சின்ன வயதிலேயே தொடங்கும். உங்களுக்கு எக்ஸோம் பயன்படும். 2020இல் கண்டறிந்த, சோர்டு என்ற மரபணுவின் குறைபாட்டையும் கேளுங்கள், அதில் ரத்தத்தில் சார்பிட்டால் என்ற சர்க்கரை போன்ற பொருள் ஏறியிருக்கும். அப்பாவின் எக்ஸ் குரோமோசோம் மகனுக்குப் போகாது என்பதால், அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்த குடும்பங்களில் மட்டும் எக்ஸ் வகையை ஒதுக்கிவிடலாம்.

வகை தெரியும்வரை எதில் கவனமாக இருக்க வேண்டும்?

வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து சிஎம்டி உள்ளவர்களுக்கு, முக்கியமாக 1ஏ வகைக்கு, கை கால்களை வேகமாக முடக்கிவிடக்கூடும். வீட்டில் யாருக்காவது அந்தச் சிகிச்சை தேவைப்பட்டால், முதல் ஊசிக்கு முன்பே குடும்பத்தில் சிஎம்டி இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.