20 நாக் அவுட் போட்டவர்தான் ஜெயிப்பாரா?

கேள்வி: அடுத்த வாரம் நடக்கும் ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் ஒருவர் 22 சண்டையிலும் ஜெயித்தவர், அதில் 20 நாக் அவுட் (எதிராளி தொடர முடியாதபடி அடித்து வீழ்த்தியவை). எதிராளி மூன்று முறை தோற்றவர். முதல் ஆள்தான் ஜெயிப்பார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில்: அந்த 20 பேர் யார் என்று முதலில் பாருங்கள். வளரும் வீரருக்குச் சுலபமான எதிராளிகளாகப் பிடித்துக் கொடுத்து ரெக்கார்டை ஏற்றுவது தொழில்முறை குத்துச்சண்டையில் காலங்காலமாக நடப்பதுதான். மூன்று முறை தோற்றவர் உலக சாம்பியன்களிடம், அதுவும் கடைசி ரவுண்ட் வரை நின்று புள்ளிக் கணக்கில் தோற்றிருந்தால், அவரை லேசாக எடை போடாதீர்கள்.

அப்புறம், ‘இவரை அடித்தவரையே அவர் அடித்துவிட்டார்’ என்ற கணக்கு. இதை நம்பியவர்கள் 1974 அக்டோபரில் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் நடந்த அலி–ஃபோர்மன் சண்டையில் ஏமாந்தார்கள். முகமது அலி 1971-இல் ஜோ ஃப்ரேசியரிடமும் 1973-இல் கென் நார்ட்டனிடமும் தோற்றவர். அந்த இருவரையுமே ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டிரண்டு ரவுண்டில் முடித்திருந்தார். ஃபோர்மனுக்கு அதுவரை 40 சண்டை, தோல்வியே இல்லை, 37 நாக் அவுட். அலிக்கு 32 வயது, ஃபோர்மனுக்கு 25. ஆனால் எட்டாவது ரவுண்டில் விழுந்தது ஃபோர்மன்!

ஃப்ரேசியர் குனிந்தபடி முன்னேறி வருபவர். ஃபோர்மனின் அப்பர்கட்டுக்கு (கீழிருந்து மேலே தாடையை நோக்கி விடும் குத்து) அது வசதியாகப் போனது. அலியோ மேடையைச் சுற்றிய கயிற்றில் சாய்ந்து, முகத்தைக் காக்கக் கைகளை உயர்த்தி, ஃபோர்மனை அடிக்கவிட்டே களைக்க வைத்தார். சண்டைகளைச் சீக்கிரமே முடித்துப் பழகிய ஃபோர்மனுக்கு நீண்ட சண்டையில் மூச்சைச் சேமிக்கும் பழக்கம் இல்லை. நாக் அவுட் கணக்கு மறைக்கும் பலவீனம் இதுதான். 22 சண்டையிலும் தோற்காத உங்கள் வீரர் எத்தனை முறை ஆறாவது ரவுண்டைத் தாண்டியிருக்கிறார் என்று தேடிப் பாருங்கள். அரிதாகத்தான் என்றால், முதல் பாதியில் அவர் பக்கம், அதற்குமேல் போனால் எதிராளி பக்கம் என்று பிரித்துக் கணிப்பதுதான் சரி.

எடையையும் விடாதீர்கள். 2019 ஜூனில் ஆண்டி ரூயிஸ் 268 பவுண்டில் வந்து ஆண்டனி ஜோஷ்வாவை ஏழாவது ரவுண்டில் வீழ்த்தினார். டிசம்பரில் மறுபடி மோதியபோது ரூயிஸ் 283 பவுண்டுக்கும் மேல். ஜோஷ்வா சுமார் 10 பவுண்ட் குறைத்திருந்தார். 12 ரவுண்டும் நகர்ந்து நகர்ந்து ஜேப் (முன்கையால் நேராக விடும் வேகக் குத்து) அடித்தே ஜோஷ்வா புள்ளிகளில் ஜெயித்தார். ஹெவிவெயிட்டில் எடைக்கு உச்சவரம்பு கிடையாது என்பதால், யார் ஒழுங்காகப் பயிற்சி செய்தார் என்பது அந்த எண்ணில் ஓரளவு தெரிந்துவிடும். சண்டைக்கு முந்தைய நாள் எடை பார்க்கும்வரை பொறுங்கள்; இருவரின் பழைய எடைகளோடு ஒப்பிட்டுவிட்டு அப்புறம் முடிவு சொல்லுங்கள்.