உடம்பு நன்றாக இருக்கிறது, பிரஷர் மட்டும் 150/100: கர்ப்பிணி பயப்பட வேண்டுமா?

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கும் தங்கைக்கு ஏழு மாதம், பிரஷர் 150/100, ஆனால் உடம்புக்கு ஒன்றுமில்லை என்கிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். இன்றைக்கே கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். 20 வாரத்துக்குப் பிறகு 140/90 வந்தாலே விடக்கூடாது. இது ப்ரீ-எக்லாம்ப்சியா என்ற கர்ப்பகால பிரஷர் நோயாக இருக்கலாம்; அது வெளியே எதுவும் தெரியாமலே ஈரல், சிறுநீரகம், மூளை என்று தாக்கி, திடீரென்று வலிப்போ மூளையில் ரத்தக் கசிவோ வந்துவிடலாம், தாய்மார் பலர் இறப்பது அப்படித்தான். மெக்னீசியம் சல்பேட் ஊசி வலிப்பு வரும் அபாயத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும், விலையும் குறைவு, ஆனால் நடுராத்திரியில் செம்பனைக் காட்டைத் தாண்ட வண்டி இல்லையென்றால் என்ன பயன்? வண்டிக்கு யாரிடமாவது இப்போதே சொல்லி வையுங்கள். கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அப்புறம், பிள்ளை பிறந்து 6 வாரம் வரைகூட இந்த நோய் வரலாம், பத்தியத்தில் இருக்கும்போது வீட்டுக்கு வரும் தாதியிடம் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்.