மதுரைக்குத்தான் போக வேண்டும், ஆனால் ஐகோர்ட்டுக்கு அல்ல

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) நடத்துகிறேன். வீட்டையும் ரப்பர் விளையையும் (தோட்டம்) வங்கியில் ஈடு வைத்து வாங்கிய கடன் வாராக்கடனாகிவிட்டது. போன வாரம் கேட்டில், சொத்தை வங்கி எடுத்துக்கொண்டது என்ற சுவாதீன அறிவிப்பை ஒட்டிவிட்டார்கள். சாவி இன்னும் என்னிடம்தான். மதுரை ஐகோர்ட்டில் ரிட் போட்டால் தடை கிடைக்குமா?

பதில்: ரிட் போடாதீர்கள். கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி ஈட்டுச் சொத்தை எடுத்து விற்க வழி தருவது சர்ஃபாசி சட்டம். அதன் 17-வது பிரிவுப்படி நீங்கள் போக வேண்டிய இடம் கடன் மீட்புத் தீர்ப்பாயம். டி.ஆர்.டி. என்பார்கள், அதுவும் மதுரையில்தான் இருக்கிறது. ஜாமீன்தாரர் ஒருவருக்கு அலகாபாத் ஐகோர்ட் கொடுத்த தடையை 2010-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. டி.ஆர்.டி. இருக்கும்போது ரிட் எதற்கு என்பதுதான் காரணம். வங்கி வக்கீல் முதலில் நீட்டுவது அந்தத் தீர்ப்பைத்தான். ரிட்டுக்கு நம்பர் விழுந்து, 'டி.ஆர்.டி.க்குப் போ' என்று திரும்பி வருவதற்குள், டி.ஆர்.டி.யில் மனு போட உங்களுக்குள்ள 45 நாள் கெடு கரைந்துவிடும்.

சாவி கையில் இருக்கிறதே என்ற தைரியம் பலரைக் கவிழ்த்திருக்கிறது. ஆளை வெளியேற்றிய பிறகுதான் டி.ஆர்.டி. போகலாம் என்று அலகாபாத் ஐகோர்ட்டின் முழு அமர்வே ஒருமுறை சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது: அறிவிப்பு ஒட்டியதே நடவடிக்கைதான், அப்போதே போகலாம். போகலாம் என்றால் கெடுவும் ஓடத் தொடங்கிவிட்டது. கேட்டில் உள்ள தாளைக் கிழிக்காதீர்கள். தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். ஏழு நாளுக்குள் இரண்டு நாளிதழில், அதில் ஒன்று தமிழில், விளம்பரம் வந்ததா என்றும் பாருங்கள். 60 நாளில் கடனைக் கட்டு என்று முதலில் வந்த நோட்டீசுக்கு நீங்கள் ஆட்சேபம் அனுப்பி, வங்கி 15 நாளில் பதில் தராமல் விட்டிருந்தால், அது உங்களுக்கு நல்ல பிடி.

விளை விஷயம் வேறு. விவசாய நிலத்தை இந்தச் சட்டத்தில் தொட முடியாது. ஆனால் வருவாய் ஆவணத்தில் அப்படி எழுதியிருந்தால் மட்டும் போதாது, நிலம் உண்மையில் எதற்குப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டும் என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தோட்டம் வேறு, விவசாயம் வேறு என்று வங்கி வாதாடலாம். ரப்பர் பால் வெட்டுக்காரருக்குக் கூலி கொடுத்த கணக்கு, ரப்பர் ஷீட் விற்ற சீட்டு எல்லாவற்றையும் தேடி எடுங்கள்.

ஏலத்துக்கு முந்தின நாள் பணம் கட்டி மீட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் அன்றே அந்த உரிமை போய்விடும்; 2023-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. ஓ.டி.எஸ். (ஒரே தவணையில் கட்டிக் கடனை முடிக்கும் சமரசம்) பேசுவதானால் அதற்கு முன்பே பேசி, எழுத்தில் வாங்குங்கள். மேனேஜர் வாயால் சொன்னது டி.ஆர்.டி.யில் எடுபடாது.