தரபு என்னும் அரபு வேர்ச்சொல்

அன்புள்ள ஐயா,

சில வாரங்களாக எகிப்தியப் பாடகி உம்மு குல்தூமின் கச்சேரிப் பதிவுகளைக் கேட்டுவருகிறேன். ஒரே வரியை அவர் திரும்பத் திரும்பப் பாடுகிறார். ஒவ்வொரு முறையும் கூட்டம் கத்துகிறது. நிம்மதியாகக் கேட்க விடமாட்டேன் என்கிறார்களே என்று எரிச்சலாக இருந்தது. இந்த மயக்கத்துக்கு அரபியில் ‘தரபு’ என்று பெயர் என்றார் நண்பர் ஒருவர். அகராதியைப் புரட்டினால் மகிழ்ச்சி, துயரம் என்று இரண்டு பொருளும் போட்டிருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது? மண்ணைக் குறிக்கும் ‘துராப்’ இதே வேர்தானா? பழைய பிரெஞ்சுப் பாணர்களான ‘ட்ரூபடோர்’களின் பெயர்கூட இதிலிருந்து வந்தது என்கிறார்களே, உண்மையா?

ச., திருநெல்வேலி

அன்புள்ள ச.,

மண்ணை முதலில் தள்ளிவிடலாம். துராபில் இருப்பது மெல்லிய தகரம். தரபில் இருப்பது வாய் நிறைந்து கனமாக ஒலிக்கும் தகரம். அரபியில் இவை இரண்டு தனித்தனி எழுத்துகள். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவதால்தான் இந்தக் குழப்பம். இரண்டு வேர்களுக்கும் உறவில்லை.

மகிழ்ச்சியா, துயரமா என்ற உங்கள் கேள்வியை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எடுத்துப் பேசியிருக்கிறார். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த இப்னு குதைபா, எழுத்தர்களுக்காக எழுதிய ‘அதபுல் காத்திப்’ நூலில் மக்கள் தவறாகப் புழங்கும் சொற்களுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கினார். அதில் தரபும் இருக்கிறது. தரபு மகிழ்ச்சிக்கு மட்டும் உரியது என்று மக்கள் நினைக்கிறார்கள், அப்படியில்லை. மிகுந்த மகிழ்ச்சியிலோ மிகுந்த கலக்கத்திலோ மனிதனைப் பற்றிக்கொள்ளும் ஒரு லேசான தன்மைதான் தரபு என்கிறார். சான்றுக்கு அவர் எடுப்பது பாட்டுக் கச்சேரி பற்றிய கவிதையை அல்ல, பிரிவைப் பாடும் கவிதையை. போய்விட்டவர்களை நினைத்துப் புத்தி பேதலித்தவன்போலத் தனக்குத் தரபு கண்டிருப்பதாக அந்நாபிகா அல்ஜஅதி பாடிய வரி அது.

ஆகவே அகராதி சொல்லும் இரண்டு பொருளும் சரி. ஆனால் அவை எதிரெதிர் பொருள்கள் அல்ல. நிலைகொள்ளாமல் போவது என்ற ஒரே பொருளின் இரண்டு காரணங்கள். ‘லிசானுல் அரப்’ பேரகராதியில் இந்த வேரின் கீழ் ‘திராப்’ ஒட்டகங்கள் என்று ஒரு வழக்கு வருகிறது. சொந்த மண்ணை நினைத்து ஏங்கி அந்தத் திசைக்கே இழுத்துக்கொண்டு போகும் ஒட்டகங்கள் அவை. பாட்டு இல்லை, தாளம் இல்லை, இருந்தும் தரபு இருக்கிறது. எனக்கு இந்த வேரின் உள்ளே போக வழி திறந்தது அந்த ஒட்டகங்கள்தான்.

பாட்டையும் ஒலியையும் சொல்ல அரபியில் வேறு வேர்கள் இருக்கின்றன. பாடுவது ‘கினா’, மெட்டு ‘லஹ்ன்’, தாளம் ‘ஈகாஉ’. ஈகாஉ என்பது விழுதல் என்ற வேரிலிருந்து வந்தது. அடி விழுகிறது என்று நாம் சொல்வதைப் போலத்தான். இவையெல்லாம் பாடுகிறவரிடமும் கருவியிடமும் நடப்பதைச் சொல்கின்றன. தரபு கேட்கிறவரிடம் நடப்பதைச் சொல்கிறது. பாடகருக்கு அரபியில் ‘முத்ரிப்’ என்று ஒரு பெயர் உண்டு. தரபை உண்டாக்குகிறவர் என்பதே அதன் நேர்ப்பொருள். எத்தனை நன்றாகப் பாடினாலும் எதிரில் இருப்பவர் அசையவில்லை என்றால் அந்தப் பெயருக்கு அவர் உரியவர் ஆகமாட்டார்.

இஸ்லாமிய அறிஞரான இமாம் கஸ்ஸாலி, ‘இஹ்யா’ என்ற தம் நூலில் இசை கேட்பது பற்றிய பகுதியில் ஒரு கதையை எடுத்துச் சொல்கிறார். பாலைவனத்தில் ஒரு கூடாரத்துக்கு விருந்தாளியாகப் போன ஒரு சூஃபி, வாசலில் ஒட்டகங்கள் செத்துக் கிடப்பதையும் உள்ளே ஓர் அடிமை விலங்கிடப்பட்டு இருப்பதையும் பார்க்கிறார். எனக்காகப் பரிந்து பேசுங்கள் என்று அடிமை கெஞ்சுகிறான். விருந்தாளி சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்துகொள்கிறார். வீட்டுக்காரர் சொல்கிறார்: “இவன் என்னை ஏழையாக்கிவிட்டான். இவன் குரல் அப்படி. பெரும் பாரம் ஏற்றிய ஒட்டகங்களுக்கு வழிநடைப் பாட்டுப் பாடினான். மூன்று நாள் தூரத்தை அவை ஒரே இரவில் கடந்தன. பாரத்தை இறக்கியதும் ஒன்றைத் தவிர எல்லாம் செத்துவிட்டன.” மறுநாள் காலை விருந்தாளி கேட்டுக்கொண்டதற்காக அடிமை பாடுகிறான். அங்கே நின்ற ஒட்டகம் கயிற்றை அறுத்துக்கொண்டு தறிகெட்டு ஓடுகிறது. கேட்டவரும் முகம் குப்புற விழுகிறார். தரபு இனிமையானது என்று மட்டும் நினைத்திருந்தால் இந்தக் கதை அதைத் திருத்திவிடும். அது உயிரையும் வாங்கும்.

இனி உங்கள் எரிச்சலுக்கு வருகிறேன். அந்தக் கூச்சல் எங்கே எழுகிறது என்று கவனியுங்கள். 1966இல் வந்த ‘அல்அத்லால்’ பாட்டின் கச்சேரிப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். கவிதை இப்ராஹீம் நாஜியுடையது, இசை ரியாத் அஸ்ஸுன்பாதி. வரி ஓடிக்கொண்டிருக்கும்போது அரங்கம் பெரும்பாலும் அடங்கித்தான் இருக்கும். அடி முடிந்து குரல் ஆதார சுரத்தில் வந்து உட்காரும் இடத்துக்குக் ‘கஃப்லா’ என்று பெயர். பூட்டு என்ற சொல்லோடு உறவுள்ள பெயர். பூட்டு விழுந்ததும்தான் “அல்லாஹ்!” என்று கூட்டம் வெடிக்கிறது. தேர்ந்த ரசிகர்களை அரபுலகம் ‘சம்மீஆ’ என்று தனிப் பெயரிட்டே மதிக்கிறது. தவறான இடத்தில் கத்தினால் அவர்கள் முகம் சுளிப்பார்கள். நம் சபைகளில் ‘சபாஷ்’ விழும் இடம் தெரிந்த உங்களுக்கு இது விளங்காமல் போகாது. அந்த ஆரவாரத்தைக் கேட்டுத்தான் உம்மு குல்தூம் அதே வரியை மறுபடி எடுக்கிறார், இம்முறை வேறு இடத்தில் நின்று, வேறு அழுத்தத்தோடு. கேட்பவர்கள் கத்தியிராவிட்டால் அந்த ஐந்தாம் தடவையும் ஆறாம் தடவையும் பிறந்திரா. கூட்டத்தின் ஒலியைக் கழித்துவிட்டு அவரைக் கேட்க விரும்புவது பாதிப் பாட்டைக் கேட்பதாகும் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தச் சொல் ஊர் மாறியபோது சில இடங்களில் பாதியை இழந்தது. பாரசீகத்திலும் உருதுவிலும் தரபு பெரும்பாலும் களிப்பு மட்டுமே. பாரசீகக் கவி ஹாஃபிஸின் கஸல் பாடல்களில் மதுவோடு அழைக்கப்படும் ‘முத்ரிப்’, இன்றைய ஈரானில் ஏறக்குறைய வசைச்சொல்லாகிவிட்டார். ஒரு கலைஞனின் பெயருக்கு இந்தக் கதி நேர்ந்தது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாரில் மட்டும் இந்தச் சொல் ஒரு முழு இசை வகைக்கே பெயராக நிலைத்தது. அங்கே ஆண்ட சுல்தான் பர்கஷ் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எகிப்திய இசையைத் தன் அரண்மனைக்குக் கொண்டுவந்தார். அது சுவாஹிலி மொழிக்குள் புகுந்து ‘தாராப்’ ஆயிற்று. சாமானியக் குடும்பத்தில் பிறந்த பாடகி சித்தி பின்தி சாத் அதை அரண்மனையிலிருந்து மக்களிடம் கொண்டுவந்தார். 1928இல் பம்பாய்க்குக் கப்பலேறி வந்து இசைத்தட்டுகள் பதிவு செய்தார். கிடைத்தால் அவசியம் கேளுங்கள்.

ட்ரூபடோர் விஷயம். அந்தப் பெயர் இந்த வேரிலிருந்து வந்தது என்று வாதிட்டவர் ஸ்பானிய அரபியல் அறிஞர் ஹூலியன் ரிபேரா. அந்தப் பாணர்கள் பாடிய ஆக்சிதான் மொழியில் ‘த்ரோபார்’ என்றால் பாட்டுக் கட்டுவது. அதற்கு லத்தீன் வேர் காட்டும் அறிஞர்களே அதிகம். நானும் அவர்கள் பக்கமே. அரபியிலிருந்து ஐரோப்பாவுக்கு இசை போனதற்கு ஐயமற்ற சாட்சி வேண்டுமென்றால் ‘லூட்’ என்ற தந்திக் கருவி இருக்கிறது. அந்தப் பெயர் ‘அல்ஊத்’ என்பதன் மரூஉ. அதை யாரும் மறுப்பதில்லை.

அன்புடன்.