இழுவைப் படகு கிளம்பினால் கப்பல் வருகிறது
ஊர் சுற்றலாம்: வாசகர் கேள்வி - பதில்

கே: டிசம்பரில் இரண்டு நாள் விசாகப்பட்டினம் போகிறோம். நான், என் கணவர், பத்தாவது படிக்கும் மகன், எழுபது வயதில் மாமியார். கேட்டவர்கள் எல்லாரும் அரக்குப் பள்ளத்தாக்குக்குப் போயே ஆகவேண்டும் என்கிறார்கள். நேரம் போதுமா?
- வாசகி, திருச்சி

ப: அரக்கு அருமையான இடம், அந்த ரயில் பாதையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் வரும். ஆனால் போகவே ஏறக்குறைய நாலு மணி நேரம். வழியில் பொர்ரா குகையையும் பார்த்துத் திரும்பினால் ஒரு நாள் முடிந்துவிடும். இருக்கிற இரண்டு நாளில் ஒன்றை அதற்குக் கொடுக்காதீர்கள் என்பதுதான் என் யோசனை. குன்று, கடல், துறைமுகம் மூன்றும் ஒரே பார்வையில் அகப்படுகிற ஊர் நம் பக்கம் அதிகம் கிடையாது. அதை நிதானமாகப் பாருங்கள்.

என் கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்தபோது பழைய டவுனில் குடியிருந்தோம். ஊர்க்காரர்கள் அதை ஒன் டவுன் என்பார்கள். சுற்றுலா வண்டிகள் அந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை, அது எனக்கு இன்றும் வருத்தம். துறைமுகக் கால்வாயின் ஓரமாக அங்கே மூன்று சின்னக் குன்றுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ராஸ் குன்றின் மேல் மாதா கோயில், அடுத்ததில் தர்கா, மூன்றாவதில் வெங்கடேசப் பெருமாள். எதிர்க்கரையில் டால்பின் மூக்கு என்கிற பெரிய பாறை மலை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் உள்ள குறுகிய கால்வாய் வழியாகத்தான் கப்பல்கள் உள்துறைமுகத்துக்குள் நுழைகின்றன. ராஸ் குன்றில் நின்றால் கப்பலின் மேல்தளமே கண்ணுக்கு நேரே ஊர்ந்து போகும்.

கப்பல் எப்போது வரும் என்று யாரிடமும் கேட்க வேண்டாம். கப்பலுக்கு வழிகாட்டுகிற பைலட்டை ஏற்றிக்கொண்டு பைலட் படகு வெளிக்கடலை நோக்கிப் போய், பின்னாலேயே இழுவைப் படகுகளும் கிளம்பினால் கப்பல் வருகிறது என்று அர்த்தம். வேலை ஓயாத துறைமுகம் அது. காலையில் கொஞ்ச நேரம் பொறுமையாக உட்கார்ந்தால் பெரும்பாலும் ஏமாற்றம் இருக்காது. உங்கள் மகனுக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள். துறைமுகம் திறந்தது 1933-இல். இந்தக் கடற்கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும், விட்டால் கால்வாயின் வாயையே அடைத்துவிடும். அதைத் தடுக்க இரண்டு பழைய கப்பல்களையே வாயிலுக்கு அருகே மூழ்கடித்து அலைதடுப்பாக்கினார்கள். எதிரே தெரியும் தண்ணீருக்குக் கீழே அப்படி ஒரு வேலை நடந்திருக்கிறது என்று தெரிந்து பார்த்தால் பையன் போனை எடுக்க மாட்டான்.

மாமியாருக்கு முழங்கால் வலி இருந்தால், வண்டி எதுவரை ஏறும் என்று டிரைவரிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். ஏற்றம் செங்குத்து. அவருக்குச் சிரமம் என்றால் கைலாசகிரி என்கிற குன்று சரியாக இருக்கும். அங்கே கார் மேலேயே போகும், கடற்கரைச் சாலைப் பக்கத்திலிருந்து ரோப்காரும் உண்டு. பெரிய சிவன் பார்வதி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கரை வளைந்து வளைந்து போவது தெரியும். 2014 அக்டோபரில் ஹுட்ஹுட் புயல் நேராக இந்த ஊரில்தான் கரையேறியது. அப்போது கைலாசகிரியில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. இன்று நிழல் தருகிறவை அதற்குப் பிறகு மெல்ல மெல்லத் தேறியவை.

மறுநாள் மாலையை ராமகிருஷ்ணா கடற்கரைக்கு வையுங்கள். குர்சுரா என்ற நீர்மூழ்கியைக் கரையிலேயே ஏற்றி அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். ரஷ்யத் தயாரிப்பு, நீளம் 91 மீட்டர், 1969 முதல் 2001 வரை கடற்படையில் இருந்தது. கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களே உள்ளே விளக்கம் சொல்வார்கள். படுக்கையின் அகலத்தையும், குனிந்து நுழைகிற வட்டக் கதவுகளையும் பார்த்தால் அதில் வாரக்கணக்கில் இருந்தவர்கள் மேல் பெரிய மரியாதை வந்துவிடும். மாமியார் வெளியே காற்று வாங்கட்டும், உள்ளே நிறைய குனிய வேண்டியிருக்கும். திங்கட்கிழமை விடுமுறை. சாலைக்கு எதிர்ப்பக்கம் டியூ-142 விமானம் நிற்கிறது. அது நம் அரக்கோணத்தில் உள்ள ராஜாளி கடற்படை விமானத் தளத்தில் இருந்து பறந்த வகை. 2017-இல் ஓய்வு கொடுத்து இங்கே வைத்தார்கள்.

கே: விசாகப்பட்டினத்தை அடுத்த சிம்மாசலம் கோயிலுக்கும் சோழர்களுக்கும் சம்பந்தம் உண்டாமே?
- வாசகர், கும்பகோணம்

ப: உண்டு. 1098-ஆம் ஆண்டை ஒட்டிய, முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. விசாகப்பட்டினத்துக்கே குலோத்துங்கசோழ பட்டினம் என்று ஒரு பெயர் இருந்திருக்கிறது. அந்தக் குலோத்துங்கனின் படைத்தலைவர் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தின் மேல் படையெடுத்ததைப் பள்ளியில் படித்தோமே, அந்த நிலத்தின் வாசலில் நிற்கிற கோயில் இது. இன்று காணும் கருவறை 13-ஆம் நூற்றாண்டில் கீழைக் கங்கர்கள் கட்டியது. கும்பகோணத்துக்காரர் நீங்கள், கல் வேலையை நின்று பார்ப்பீர்கள். அவசரப்பட வேண்டாம்.

வராக லட்சுமி நரசிம்மர் வருடம் முழுவதும் சந்தனக் காப்புக்குள்தான் இருப்பார். பார்க்க லிங்கம் போலத் தெரியும். அட்சய திருதியை அன்று மட்டும் நிஜ ரூப தரிசனம். அன்று கூட்டம் தாங்காது, வயதானவர்களை அழைத்துப் போகாதீர்கள். மற்ற நாட்களில் காலையிலேயே போய்விடுங்கள். படியேற முடியாதவர்களுக்கு மலைச்சாலையில் பஸ் இருக்கிறது.

கே: ராமகிருஷ்ணா கடற்கரையில் குளிக்கலாமா? யாராடா கடற்கரை எப்படி?
- வாசகர், சிவகாசி

ப: குளிக்காதீர்கள். கரையில் இருந்து பார்க்கச் சாதுவாகத் தெரியும், ஆனால் அலை திரும்பும்போது காலுக்கடியில் மணலோடு சேர்த்து இழுக்கும். வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள் அங்கே உயிரை விட்ட செய்தியைக் கேட்டுக் கேட்டு மனம் ஆறவில்லை எனக்கு. யாராடாவும் அப்படித்தான். மலையைச் சுற்றி இறங்குகிற அந்தச் சாலைக்காகவே போகலாம், கடலில் இறங்க வேண்டாம். தண்ணீரில் நிற்காமல் மனசு கேட்காது என்றால் ருஷிகொண்டாவுக்குப் போங்கள். அங்கேயும் காவலர் நிற்கும் இடத்தில், முழங்கால் அளவோடு சரி. பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

அப்புறம், பீமிலி என்கிற கடலோர ஊர் வரை கடலை ஒட்டியே சாலை போகிறது. வழியில் தொட்லகொண்டாவில் இறங்குங்கள். மலைமேல் புத்த பிக்குகள் வாழ்ந்த கட்டடங்களின் அடித்தளங்களும், மழைநீரைச் சேர்க்கப் பாறையில் வெட்டிய தொட்டிகளும் இருக்கின்றன. கீழே கடல். பீமிலியில் டச்சுக்காரர்களின் கல்லறைகளும் கோஸ்தனி ஆறு கடலில் சேரும் இடமும் உண்டு. குளிக்கிற நேரத்தை இதற்குக் கொடுங்கள்.

கே: அங்கே என்ன சாப்பிடலாம், என்ன வாங்கி வரலாம்?
- வாசகி, மதுரை

ப: மாலையில் கடற்கரையில் முரி மிக்சர், அதாவது பொரியில் வெங்காயம், எலுமிச்சை எல்லாம் போட்டுக் கலந்தது. சூடான புனுகுலு, அதாவது மாவை உருண்டையாகப் பொரித்தது. மதியம் கோங்குரா துவையலோடு சாப்பாடு. காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாங்கி வர மாடுகுல அல்வா. கோதுமைப் பாலில் கிளறுவது. அதற்காக மாடுகுல ஊருக்கே போக வேண்டாம், விசாகப்பட்டினத்துக் கடைகளிலேயே கிடைக்கும். ரயில் ஏறும் அன்று வாங்குங்கள்.