அறிவியல் ஆசிரியரின் சம்பளம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அறிவியல் ஆசிரியர்களின் ஊதியம் பற்றி வந்த கடிதங்களுள் ஐந்தை இந்த இதழுக்காகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். பதில்களில் உள்ள கணக்குகள் அனைத்தும் 2025 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த 58 விழுக்காடு அகவிலைப்படியை வைத்துப் போடப்பட்டவை. அகவிலைப்படி உயரும்போது தொகைகளும் அதற்கேற்ப உயரும்.

என் மகள் இயற்பியலில் பட்டம் பெற்று பி.எட். முடித்திருக்கிறாள். அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்தால் சம்பளம் 36,400 ரூபாய் என்கிறார் ஒருவர். அறுபதாயிரம் வரும் என்கிறார் இன்னொருவர். எது சரி?
– வாசகி, அறந்தாங்கி

இருவர் சொல்வதும் சரிதான், அம்மா. ஒருவர் அடிப்படை ஊதியத்தைச் சொல்கிறார். மற்றவர் படிகளையும் சேர்த்துச் சொல்கிறார். தமிழ்நாடு அரசின் 2017ஆம் ஆண்டு ஊதிய விதிகளின்படி பட்டதாரி ஆசிரியர் ஊதிய நிலை 16இல் வருகிறார். அந்த நிலையின் தொடக்க ஊதியம் 36,400 ரூபாய். இதற்கு 58 விழுக்காடு அகவிலைப்படி 21,112 ரூபாய் ஆகிறது. இரண்டும் சேர்ந்து 57,512 ரூபாய். இதன்மேல் வீட்டு வாடகைப்படியும் 300 ரூபாய் மருத்துவப்படியும் சேரும். மாநில அரசில் வாடகைப்படி அடிப்படை ஊதியத்தில் இத்தனை விழுக்காடு என்று கணக்கிடப்படுவதில்லை. ஊதிய வரம்பையும் ஊரின் தரத்தையும் வைத்து நிர்ணயித்த தொகையாகவே தரப்படுகிறது. ஆகவே சென்னையிலோ கோவையிலோ பணியாற்றுபவருக்கும் உங்கள் பகுதியில் ஒரு கிராமத்துப் பள்ளியில் பணியாற்றுபவருக்கும் இந்த ஓர் இனத்தில் மட்டும் வேறுபாடு இருக்கும்.

கைக்கு வரும் தொகை இதைவிடக் குறைவு. 2003 ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்து பணியில் சேர்ந்தவர்களுக்கு அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 விழுக்காடு ஓய்வூதியப் பங்களிப்பாகப் பிடித்தம் செய்யப்படுகிறது. உங்கள் மகளின் கணக்கில் அது ஏறத்தாழ 5,750 ரூபாய். மருத்துவக் காப்பீடு, குடும்ப நல நிதி ஆகியவற்றுக்கான சிறு பிடித்தங்களும் தொழில்வரியும் தனி. எனவே அறுபதாயிரம் என்ற எண்ணைச் செலவுக்கணக்கில் எழுதிவிடாமல், ஐம்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டும் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது.

ஆண்டுக்கு 3 விழுக்காடு ஊதிய உயர்வு உண்டு. பத்து உயர்வுகளுக்குப் பிறகு அடிப்படை ஊதியம் மட்டும் ஏறத்தாழ 48,900 ரூபாயை எட்டும். ஆண்டுதோறும் வரும் இந்த உயர்வைத்தான் நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சி, அதன்பின் ஆசிரியர் தேர்வு வாரியம் இயற்பியலுக்கென நடத்தும் போட்டித் தேர்வு என இரண்டு வாயில்களை உங்கள் மகள் கடக்க வேண்டும். போட்டித் தேர்வு ஆண்டுதோறும் வருவதில்லை. 2,222 இடங்களுக்கு 2023இல் அறிவிப்பு வந்து, 2024 பிப்ரவரியில் தேர்வு நடந்தது. இருபத்தைந்து வயதில் சேர்பவருக்கும் முப்பத்தெட்டு வயதில் சேர்பவருக்கும் தொடக்கச் சம்பளம் ஒன்றே. அறுபது வயதில் இருவரும் ஓய்வு பெறும்போதுதான் அந்தப் பதின்மூன்று உயர்வுகளின் இழப்பு முழுமையாகத் தெரியும்.

கேந்திரிய வித்யாலயாவில் சம்பளம் கூடுதல் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், ஆவடி

உண்மைதான். அங்கே அறிவியல் பட்டதாரி ஆசிரியர் மத்திய அரசின் ஊதிய நிலை 7இல் 44,900 ரூபாயிலும், இயற்பியல், வேதியியல், உயிரியல் முதுகலை ஆசிரியர் நிலை 8இல் 47,600 ரூபாயிலும் தொடங்குகின்றனர். மத்திய அரசில் வாடகைப்படி விழுக்காட்டுக் கணக்கில் தரப்படுவதால், சென்னையில் அது அடிப்படை ஊதியத்தில் 30 விழுக்காடு ஆகிறது. பட்டதாரி ஆசிரியரின் 44,900 ரூபாயோடு அகவிலைப்படி 26,042 ரூபாயும் வாடகைப்படி 13,470 ரூபாயும் சேர்ந்தாலே 84,412 ரூபாய். பயணப்படி இதற்கு மேல். ஆனால் நாடு முழுவதும் இடமாறுதலுக்கு உட்பட்ட பணி அது என்பதையும் குடும்பத்தோடு பேசி முடிவு செய்யுங்கள்.

எங்கள் பள்ளியில் இரண்டு வேதியியல் பட்டதாரி ஆசிரியர்கள் இருக்கிறோம். ஏறத்தாழ ஒரே வயது, ஒரே பட்டம், ஒரே பாடவேளைகள். அவருடைய சம்பளம் என்னுடையதைவிடப் பல ஆயிரம் கூடுதல். எம்.எஸ்சி. முடித்தும் எனக்கு ஊக்க ஊதியம் கிடைக்கவில்லை. ஏன் இப்படி?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

உங்கள் இருவருடைய பணிப்பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விடை பெரும்பாலும் தேதிகளில் இருக்கும். தமிழ்நாட்டில் ஆசிரியரின் சம்பளத்தைப் பட்டத்தைவிடவும் பாடத்தைவிடவும் அதிகமாகத் தீர்மானிப்பது, அவர் எந்த நாளில், எந்த ஆணையின்கீழ் பணியில் சேர்ந்தார் என்பதே.

முதலாவது, ஊக்க ஊதியம். பணியில் இருந்துகொண்டு உயர்கல்வித் தகுதி பெறுபவருக்கு முன்பு ஓர் ஊக்க ஊதியம் என்றால் இரண்டு ஊதிய உயர்வுகள் சேர்க்கப்பட்டன. எம்.எஸ்சி.க்கு ஒன்று, எம்.எட்.டுக்கு ஒன்று என இரண்டு பெற்றவருக்கு நான்கு உயர்வுகள். அதாவது அடிப்படை ஊதியத்தில் ஏறத்தாழ 12 விழுக்காடு. அது அடிப்படையிலேயே சேர்வதால், அதன்மேல் அகவிலைப்படியும் ஆண்டு உயர்வும் பணிக்காலம் முழுவதும் ஏறிக்கொண்டே வரும். இந்த முறை 2020 மார்ச் 10ஆம் தேதி வெளியான அரசாணையால் நிறுத்தப்பட்டது. பின்னர் அறிவிக்கப்பட்டது ஒருமுறை மட்டும் வழங்கும் தொகை. அது அடிப்படை ஊதியத்தை உயர்த்தாது. பாடத்தில் ஆழமாகக் கற்க விரும்பும் அறிவியல் ஆசிரியருக்கு அரசு செய்த பெரிய தீங்காகவே நான் இதைக் கருதுகிறேன். விடுமுறைகளை விட்டுக்கொடுத்து, சொந்தப் பணத்தைச் செலவழித்து முதுகலை படித்த ஒருவரின் வகுப்பறைக்கு அந்தப் படிப்பின் பயன் அன்றாடம் கிடைக்கிறது. அவருக்குக் கிடைப்பது மட்டும் ஒருமுறையோடு முடிந்துவிடுகிறது.

இரண்டாவது, தொகுப்பூதியக் காலம். 2003க்குப் பிறகு பட்டதாரி ஆசிரியர்கள் மாதம் 4,000 ரூபாய் தொகுப்பூதியத்தில், அதாவது படிகளும் ஆண்டு உயர்வும் இல்லாத ஒரே தொகையில், அமர்த்தப்பட்டு, 2006 ஜூன் 1 முதல்தான் அவை உள்ள காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். நீங்கள் அந்தத் தொகுதியைச் சேர்ந்தவரானால், தொகுப்பூதியத்தில் கழித்த மாதங்கள் ஊதிய உயர்வுக்கும் கணக்கில் வந்திருக்காது. ஒரே பணியிடத்தில் பத்தாண்டில் வரும் தேர்வுநிலை, இருபதாண்டில் வரும் சிறப்புநிலை என்ற ஊதிய உயர்நிலைகளுக்கும் வந்திருக்காது.

தொடக்கப் பள்ளியில் இந்தத் தேதிக் கோடு இன்னும் கொடியது. ஐந்தாம் வகுப்பு வரை அறிவியல் கற்பிக்கும் இடைநிலை ஆசிரியர்களுள் 2009 மே 31 வரை சேர்ந்தவர்களுக்கும் ஜூன் 1 முதல் சேர்ந்தவர்களுக்கும் அன்றைய அடிப்படை ஊதியத்திலேயே 3,170 ரூபாய் வேறுபாடு ஏற்பட்டது. ஒரு நாள் இடைவெளிக்காக ஏற்பட்ட அந்தப் பள்ளத்தை மூடக் கோரித்தான் அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வருகின்றனர்.

முதுகலை ஆசிரியராகப் பதவி உயர்வு பெற்றால் நிலைமை மாறுமா என்றும் கடிதத்தின் இறுதியில் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பணியிடத்தின் தொடக்க ஊதியம் 36,900 ரூபாய். பட்டதாரி ஆசிரியரைவிட 500 ரூபாய்தான் கூடுதல். பதவி உயர்வின்போது செய்யப்படும் ஊதிய நிர்ணயத்தில் ஓர் உயர்வு கிடைக்கும் என்பதால் இழப்பில்லை. ஆனால் சம்பளத்துக்காக மட்டும் என்றால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். மேல்நிலை வகுப்புகளில் வேதியியலை அதன் முழு ஆழத்தோடு கற்பிக்கும் வாய்ப்புக்காக என்றால் தயங்காமல் செல்லுங்கள்.

இயற்பியல், வேதியியல் ஆசிரியர்களுக்குத் தனியார் பள்ளிகளில் மற்றவர்களைவிட அதிகம் கொடுக்கிறார்கள். அரசு மட்டும் ஏன் எல்லாப் பாடத்துக்கும் ஒரே சம்பளம் தருகிறது? ஆய்வகப் பணிக்காவது தனிப்படி தரக்கூடாதா?
– வாசகி, ராசிபுரம்

உங்கள் ஊரில் இருந்து இந்தக் கேள்வி வந்ததில் வியப்பில்லை. நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்து உண்டு உறைவிடப் பள்ளிகள் மருத்துவ, பொறியியல் இடங்களைக் குறிவைத்து வளர்ந்தவை. அங்கே இயற்பியல் ஆசிரியரின் மதிப்பு அவருடைய மாணவர்கள் பெறும் மதிப்பெண்களால் அளக்கப்படுகிறது. 2017 முதல் தமிழ்நாட்டிலும் மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வின் வழியாக ஆனபின், இயற்பியலையும் வேதியியலையும் போட்டித் தேர்வு முறையில் நடத்தத் தெரிந்தவர்களுக்குத் தேவை பெருகியது. அப்படிப்பட்டவர்கள் குறைவு, அதனால் பயிற்சி மையங்கள் ஒருவரிடமிருந்து ஒருவரைக் கூடுதல் சம்பளம் சொல்லி அழைத்துக்கொள்கின்றன. அந்தச் சம்பளத்தில் ஓய்வூதியம் இல்லை, முடிவுகள் குறைந்த ஆண்டில் வேலை நிலைக்கும் என்ற உறுதியும் இல்லை. அரசுப் பள்ளி ஆசிரியர் மாலையில் தனிப்பயிற்சி எடுத்து அந்தச் சந்தையில் பங்கு பெறவும் முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது, அந்தத் தடை நியாயமானதும்கூட.

அரசு பணியிடத்துக்குத்தான் ஊதியம் நிர்ணயிக்கிறது, பாடத்துக்கு அன்று. பாடத்துக்கொரு சம்பளம் என்று ஒரே ஆசிரியர் அறைக்குள் கோடு கிழிப்பதை நான் விரும்பவில்லை. தமிழாசிரியரின் உழைப்பை வேதியியல் ஆசிரியரின் உழைப்பைவிடக் குறைவாக மதிப்பிட எந்த அளவுகோலும் நம்மிடம் இல்லை. ஆனால் ஆய்வகத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: செய்முறை வகுப்பு என்று கால அட்டவணையில் எழுதப்படும் இரண்டு பாடவேளைகளுக்கு முன்னும் பின்னும் கருவிகளை எடுத்து வைத்து, பழுது பார்த்து, கரைசல்களைத் தயாரித்து, கழுவி அடுக்கும் நேரம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. ஆய்வக உதவியாளர் இல்லாத பள்ளியில் அது முழுவதும் ஆசிரியரின் மாலை நேரம். செய்முறைத் தேர்வை நடத்த வேறு பள்ளிக்குப் புறத் தேர்வாளராகச் செல்பவருக்கு உழைப்பூதியம் உண்டு. ஆண்டு முழுவதும் ஆய்வகத்தை உயிரோடு வைத்திருப்பவருக்கு எதுவும் இல்லை. தனிப்படி தருவதற்கு முன்னதாக அந்த நேரத்தைப் பாடவேளைகளாகக் கணக்கிட்டு வேலைப்பளுவைக் குறைக்க வேண்டும் என்பது என் கருத்து. அப்படிக் கணக்கிட்டால் கூடுதல் அறிவியல் ஆசிரியர் பணியிடங்கள் தேவை என்பதும் ஏட்டிலேயே தெரிந்துவிடும். அதனால்தானோ என்னவோ, இந்தக் கணக்கை எடுக்க யாரும் முன்வருவதில்லை.

சுயநிதிப் பள்ளியில் பதினொரு ஆண்டுகளாக வேதியியல் கற்பிக்கிறேன். 9,000 ரூபாயில் சேர்ந்தேன்; இப்போது 18,000. குறைந்தபட்ச ஊதியம் கேட்க எங்களுக்குச் சட்டம் இல்லையா? அரசுப் பள்ளியில் தற்காலிகமாக வந்த முதுகலை இடத்துக்குப் போகலாமா என்றும் யோசிக்கிறேன்.
– வாசகி, கோவில்பட்டி

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அம்மா. நானும் பி.எட். முடித்தவுடன் ஒரு தனியார் பள்ளியில்தான் தொடங்கினேன். மாதக் கடைசியில் பதிவேட்டில் ஒரு தொகைக்குக் கையெழுத்திட்டு அதில் பாதிக்கும் குறைவாகப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பிய அந்த இரண்டு ஆண்டுகளின் அவமானம் இன்றும் எனக்கு மறக்கவில்லை.

அரசு உதவி பெறும் பள்ளியில், அரசு ஏற்ற பணியிடத்தில் நியமிக்கப்பட்டவருக்கு அரசு ஆசிரியருக்கு இணையான சம்பளம் அரசு நிதியிலிருந்தே கிடைக்கிறது. சுயநிதிப் பள்ளியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அன்று நடைமுறையில் இருந்த தொழில் தகராறுச் சட்டத்தின் பொருளில் ஆசிரியர் ‘தொழிலாளர்’ ஆகமாட்டார் என்று 1988இலும், அன்றைய குறைந்தபட்ச ஊதியச் சட்டம் ஆசிரியருக்குப் பொருந்தாது என்று 1996இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கற்பித்தல் தொண்டு என்று போற்றிய சமூகம், அந்தப் போற்றுதலின் விலையை ஆசிரியரின் சம்பளத்திலிருந்தே பிடித்துக்கொண்டது என்பதை வேதனையோடுதான் எழுதுகிறேன்.

ஆனால் உங்களுக்கு உரிமையே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். பணியிலிருந்து விலகும்போது கிடைக்கும் ஒட்டுமொத்தத் தொகையே பணிக்கொடை. அதற்கான சட்டம் 2009இல் திருத்தப்பட்டு, 1997 ஏப்ரல் 3 முதல் செல்லுபடியாகும் வகையில் தனியார் பள்ளி ஆசிரியர்களும் அதற்குள் கொண்டுவரப்பட்டனர். அந்தத் திருத்தம் செல்லும் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு, ஓர் ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்பது கணக்கு. 18,000 ரூபாயை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, உங்கள் 11 ஆண்டுகளால் பெருக்கினால் ஏறத்தாழ 1,14,230 ரூபாய் வருகிறது. 18,000 முழுவதையும் அடிப்படை ஊதியமாகக் கொண்ட கணக்கு இது; பள்ளி அதைப் படிகளாகப் பிரித்துக் காட்டியிருந்தால் தொகை குறையும். எனவே சம்பளச் சீட்டை உடனே பாருங்கள். இருபது பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் பள்ளியானால் வருங்கால வைப்பு நிதியும் கட்டாயம். 15,000 ரூபாய்க்குக் குறைவான சம்பளத்தில் சேர்ந்த நீங்கள் முதல் மாதத்திலிருந்தே அதில் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும்.

தற்காலிக இடத்தைப் பற்றி: பள்ளி மேலாண்மைக் குழு வழியாக அமர்த்தப்படும் முதுகலை ஆசிரியருக்கு மாதம் 18,000 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 15,000 ரூபாய் என 2022 ஜூலையில் நிர்ணயிக்கப்பட்டது. நிரந்தர ஆசிரியர் வந்து சேரும் நாளில் அந்தப் பணி முடிந்துவிடும். அதன்வழி நிரந்தரப் பணிக்கு உரிமையும் பிறக்காது. ஆகவே இன்று பெறும் அதே 18,000 ரூபாய்க்காகப் பதினொரு ஆண்டுத் தொடர்ச்சியை அவசரப்பட்டு விட வேண்டாம். முதுகலை ஆசிரியர் போட்டித் தேர்வுக்கு வேதியியலில் தயாராகிக்கொண்டே, நியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், வைப்பு நிதிக் கணக்கு எண், வங்கிப் பதிவுகள் ஆகியவற்றின் நகல்களை இப்போதே எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்கு விலகினாலும், விலகிய முப்பது நாட்களுக்குள் பணிக்கொடை கேட்டு எழுத்துவழி விண்ணப்பம் கொடுத்து, அதற்கு ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். நிர்வாகம் மறுத்தால் தொழிலாளர் துறையின் உரிய அலுவலரிடம் முறையிடலாம்.