ஸ்காபரோவில் முதல் கார்: டொயோட்டாவா, ஹொண்டாவா, ஹுண்டாயா?

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. ஸ்காபரோவில் பேஸ்மென்ற் வாடகை, மார்க்கம் பக்கம் களஞ்சியத்தில் இரவு வேலை. வேலை முடியும் நேரத்துக்கு பஸ் ஒழுங்காக இல்லை, கார் எடுத்தே ஆகவேண்டும். அறையில் இருப்பவர் டொயோட்டா தவிர வேறு எதையும் தொடாதே என்கிறார். மச்சானுக்கு ஹொண்டாதான் கார். வேலைத்தலத்தில் ஒருவர், பாவித்த டொயோட்டாவின் காசுக்குப் புது ஹுண்டாய் எடுக்கலாம், 10 வருட வாரண்டி என்கிறார். மூவரும் ஒத்துப்போகிற ஒரே இடம், “இப்ப வாற புது வாகனம் ஒன்றும் சரியில்லை” என்பது. யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த விவாதம் இங்கே எந்தப் பிறந்தநாள் மண்டபத்துக்குப் போனாலும் கேட்கும். கேக் வெட்டுவதற்குள் நான்கு பேர் டொயோட்டா கம்ரி கட்சி, மூன்று பேர் ஹொண்டா அக்கோர்ட் கட்சி என்று பிரிந்துவிடுவார்கள். தங்கள் கார் எத்தனை லட்சம் கிலோமீற்றர் ஓடியது என்பதுதான் எல்லோருடைய சாட்சியமும். என் கணிப்பு, அவர்கள் நிறுவனத்தின் பெயரைப் பற்றிப் பேசுகிறார்கள், நீங்கள் வாங்கப்போவதோ ஒரு குறிப்பிட்ட வருடத்து மொடலை, ஒரு குறிப்பிட்ட என்ஜினை, ஒரு குறிப்பிட்ட கியர்பெட்டியை. ஒரே பெயருக்குள் நல்லதும் இருக்கும், தலையிடியும் இருக்கும்.

மச்சானின் ஹொண்டாவையே எடுப்போம். 2017 இல் புதிய சீ.ஆர்.வி 1.5 லீற்றர் டேர்போ என்ஜினோடு வந்தது. டேர்போ என்றால் காற்றை அழுத்தி உள்ளே செலுத்தி என்ஜினுக்கு வலுக்கூட்டும் கருவி. குளிர் நாடுகளில் அதற்கு ஒரு சிக்கல் வந்தது: எரியாத பெற்றோல் கொஞ்சம் கொஞ்சமாக ஒயிலுக்குள் இறங்கியது. ஒயில் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும், பெற்றோல் மணக்கும். சின்ன என்ஜின் சூடாக நேரம் எடுக்கும். குறுகிய தூரம் ஓடி நிறுத்தினால், இறங்கிய பெற்றோல் ஆவியாகிப் போக அவகாசமே இல்லை. 2018 இல் சீனாவில் இதனால் அந்த மொடலின் விற்பனையையே கொஞ்சக் காலம் நிறுத்தினார்கள். பிறகு மென்பொருளை மாற்றினார்கள், வாரண்டியை நீட்டினார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அதே காரை நெடுஞ்சாலையில் தினமும் ஹமில்டன் வரை ஓட்டியவருக்கு ஒரு குறையும் தெரிந்திராது. உங்களைப்போல மைனஸ் 20 இல் வீட்டுக்கும் வேலைக்கும் கிட்டக் கிட்ட ஓடுகிறவருக்குத்தான் அது வரும். அதே காலத்து சிவிக்கின் ஆரம்ப மொடலில் வந்த டேர்போ இல்லாத 2.0 லீற்றர் என்ஜினுக்கு இந்தப் பேச்சே இல்லை. ஆக “ஹொண்டா நல்லதா?” என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எந்த என்ஜின், எவ்வளவு தூரம் ஓட்டப்போகிறீர்கள் என்று சொன்னால் பதில் உண்டு.

ஹுண்டாய், கியா என்றாலே நம்மவர்கள் முகம் சுளிப்பதற்கு ஒரு காரணம் தீட்டா 2 என்ற என்ஜின். 2011 இலிருந்து வந்த சொனாட்டா போன்ற கார்களில், என்ஜின் பாகங்களைக் கடைந்தபோது மிஞ்சிய உலோகத் துகள் ஒயில் போகும் வழியை அடைத்தது. பெயரிங் தேய்ந்து தட்டும் சத்தம் கேட்கும், கடைசியில் என்ஜின் இறுகி நின்றுவிடும். 2015 இலும் 2017 இலும் பெரிய எண்ணிக்கையில் ரீகோல் செய்தார்கள், அதாவது விற்ற கார்களைத் திருத்துவதற்குத் திருப்பி அழைத்தார்கள். டொயோட்டா கட்சிக்காரர் இதைச் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். 2024 இல் டொயோட்டா தன்னுடைய டுண்ட்ரா பிக்கப், லெக்சஸ் எல்.எக்ஸ் இரண்டிலுமாகச் சுமார் 1 இலட்சம் வாகனங்களை ரீகோல் செய்தது. காரணம், புதிய வீ6 டேர்போ என்ஜினைக் கடைந்தபோது உள்ளே தங்கிய துகள். அதே நோய், வேறு ஆஸ்பத்திரி.

டொயோட்டாவை நான் குறை சொல்ல வரவில்லை. மொத்தமாகப் பார்த்தால் நீண்டகால உழைப்பில் அது முன்னணியில் இருப்பது உண்மைதான். ஆனால் பெற்றோலோடு மின்மோட்டரும் உள்ள ராவ்-4 ஹைபிரிட்டில், 2019 இலிருந்து வந்த சில வருடத்து மொடல்களில், பின் மோட்டருக்குப் போகும் உயர் மின்னழுத்தக் கேபிளின் இணைப்பு காரின் அடியில் உப்புத் தண்ணீர் படும்படி இருந்தது. இங்கே குளிர்காலத்தில் தெருவெல்லாம் உப்புப் போடுவார்கள். அந்த இணைப்பு அரித்துப்போய், பல ஆயிரம் டொலர் செலவு வந்தவர்கள் இருந்தார்கள். கம்பனி பிறகுதான் அந்தக் கேபிளுக்கு வாரண்டியை நீட்டியது. கலிபோர்னியாவில் இருப்பவருக்கு இந்தக் கவலையே வராது. அங்கே இருக்கும் சொந்தக்காரர் சொல்லும் தரமும் இங்கே நாம் காணும் தரமும் ஒன்றாக இருக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

அமெரிக்கா என்றவுடன் அந்த 10 வருட வாரண்டிக் கதைக்கு வருகிறேன். அது அமெரிக்காவில், என்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும். கனடாவில் ஹுண்டாயின் வழமையான வாரண்டி 5 வருடம் அல்லது 100,000 கிலோமீற்றர். டொயோட்டா இங்கே பொதுவாக 3 வருடம் அல்லது 60,000, என்ஜின் பகுதிக்கு 5 வருடம் அல்லது 100,000. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் சொல்லப்பட்ட அளவுக்கு இல்லை. அதேபோல, யூ.எஸ்.பி வயரை வைத்தே கியா, ஹுண்டாய் கார்களைத் திருடுகிற காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் அமெரிக்கக் கதைதான். கனடாவில் 2007 செப்ரெம்பரிலிருந்து புதுக் கார்களில், உரிய சாவி இல்லாமல் என்ஜினை இயக்கவிடாத இம்மொபிலைசர் கட்டாயம். இங்கே கள்ளர் தேடுவது வேறு சாமான்: டொயோட்டா ஹைலண்டர், ராவ்-4, சீ.ஆர்.வி, லெக்சஸ் ஆர்.எக்ஸ். வீட்டு வாசலில் எடுத்து, கொள்கலனில் ஏற்றி, மொன்றியல் துறைமுகத்தால் வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இந்தத் திருட்டுக்காகவே 2024 பெப்ரவரியில் ஒட்டாவாவில் தேசிய மாநாடே வைத்தார்கள். நல்ல பெயர் எடுத்த கார் கள்ளருக்கும் நல்ல கார்தானே.

இன்னொரு விடயம், ஊரிலிருந்து வருகிற எல்லோரும் கேட்பது: “ஜப்பானில் செய்ததா?” ஊரில் ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் வாகனம் இறக்கிப் பழகிய எங்களுக்கு அந்தக் கேள்வி இயல்பு. இலங்கையில் 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். அந்த இடைவெளியில் பழைய டொயோட்டா விட்ஸ் விற்ற விலை உங்களுக்கே தெரியும். இங்கே நிலைமை வேறு. இங்கே விற்கும் ராவ்-4 களில் பல ஒன்ராறியோவின் கேம்பிறிட்ஜ், வூட்ஸ்டொக் தொழிற்சாலைகளில் தயாராகிறது. சிவிக்கும் சீ.ஆர்.வியும் இங்கிருந்து வடக்கே அலிஸ்டனில். ஐயமென்றால் கலியாணத்துக்குச் சாதகம் கேட்பதுபோல வின் என்ற வாகன அடையாள இலக்கத்தைக் கேளுங்கள். முதல் எழுத்து ஜே என்றால் ஜப்பான், கே என்றால் கொரியா, 2 என்றால் கனடா, 3 என்றால் மெக்சிகோ, 1, 4, 5 என்றால் அமெரிக்கா. அதற்காக ஜே இல்லை என்று ஒரு காரைத் தள்ளிவிடத் தேவையில்லை. கேம்பிறிட்ஜ் தொழிற்சாலை 1988 இலிருந்து கார் செய்கிறது, ஜப்பானுக்கு வெளியே முதன்முதலாக லெக்சஸ் செய்ததும் அங்கேதான்.

சரி, புதுக் கார்களின் தரம் கெட்டுவிட்டதா? ஜே.டி. பவர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம், வாங்கி முதல் 90 நாட்களில் 100 வாகனத்துக்கு எத்தனை குறை என்று கேட்டு வருடாவருடம் வெளியிடுகிறது. 2022 இல் 180, 2023 இல் 192. இந்த எண்ணைக் காட்டித்தான் “பார், கெட்டுப்போச்சு” என்பார்கள். ஆனால் அந்தக் குறைகளில் பெரிய பங்கு திரையும் அதோடு சேர்ந்த மின்னணுவும்: போன் இணையவில்லை, குரல் கட்டளை விளங்கவில்லை, ஏசி பொத்தானைத் திரைக்குள் தேட வேண்டியிருக்கிறது. இதுவும் ஒரு குறை, என்ஜின் இறுகுவதும் ஒரு குறை, கணக்கில் இரண்டும் ஒன்றுதான். மூன்று வருடம் ஓடிய கார்களைப் பற்றி அவர்களே செய்யும் ஆய்வு இதைவிடப் பிரயோசனம். பழைய காருக்காக ஏங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். காரை வழுக்கவிடாமல் பிடிக்கும் ஈ.எஸ்.சி என்ற அமைப்பு, 2011 செப்ரெம்பருக்குப் பிறகு செய்த கார்களில்தான் கனடாவில் கட்டாயமானது. நீங்கள் இன்னும் ஒரு முழுக் குளிர்காலம் ஓட்டவில்லை. அதற்கு முந்திய காரை, என்னதான் “கொரோலா ராசா” என்று புகழ்ந்தாலும், உங்களுக்கு நான் சொல்லமாட்டேன். உண்மையில் அந்தக் காலத்துக் கார்களை இங்கே கொல்வது என்ஜின் இல்லை, கறள். 2004 முதல் 2009 வரையான மஸ்தா 3 நன்றாக ஓடும், ஆனால் பின்சில்லு வளைவு தின்னப்பட்டு ஓட்டையோடு நிற்கும்.

கார் பார்க்கப் போகுமுன் காப்புறுதி விலையைக் கேளுங்கள். இதை மட்டுமாவது செய்யுங்கள். கனடா அனுபவம் இல்லாத இளைஞருக்கு, அதுவும் ஸ்காபரோ தபால் குறியீட்டில், மாதக் காப்புறுதி காரின் தவணையையே மிஞ்சுவது இங்கே புதினம் இல்லை. ஒவ்வொரு மொடலுக்கும் திருட்டு, விபத்து, திருத்தச் செலவு வைத்துத் தனித்தனி மதிப்பீடு உண்டு. ஆகவே மனதில் இருக்கும் இரண்டு மூன்று கார்களின் விபரத்தைக் கொடுத்து வெவ்வேறு இடங்களில் கேட்டால், டொயோட்டாவா ஹொண்டாவா என்ற விவாதம் பாதி முடிந்துவிடும். திருட்டுப் பட்டியலில் உள்ள வாகனத்துக்குச் சில கம்பனிகள் மேலதிகக் கட்டணம் கேட்கும், இல்லாவிட்டால் ட்ராக்கர் பூட்டச் சொல்லும். ரொறொன்ரோவுக்கு வெளியே பாரி நகரில் இருக்கும் மாமாவின் விலாசத்தைப் போட்டால் மலிவு என்று யாராவது சொல்லுவார்கள், கட்டாயம் சொல்லுவார்கள். செய்யாதீர்கள். விபத்து நடந்த அன்றைக்குத்தான் அந்த மலிவின் விலை தெரியும்.

டீலரிடம் போனால் அவர் விலையைப் பேசமாட்டார், இரண்டு வாரத்துக்கு எவ்வளவு கட்டமுடியும் என்றுதான் பேசுவார். 84 மாதம், 96 மாதம் என்று நீட்டினால் எந்தக் காரும் கட்டக்கூடியதாகத் தெரியும். ஒன்ராறியோவில் விளம்பர விலைக்குள் வரி, லைசன்ஸ் தவிர எல்லாக் கட்டணமும் அடங்கியிருக்க வேண்டும் என்பது சட்டம். கண்ணாடியில் இலக்கம் பொறித்தோம், ரயருக்கு நைட்ரஜன் அடித்தோம் என்று பின்னால் சேர்த்தால் எடுக்கச் சொல்லலாம். கையெழுத்து வைத்துவிட்டால் மனம் மாறித் திருப்பிக் கொடுக்கிற உரிமை இங்கே கிடையாது. பலர் சில நாள் அவகாசம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். புதுக் காரில் உற்பத்திக் குறை இருந்து கம்பனி கைவிரித்தால் கம்வாப் என்ற நடுவர் ஏற்பாடு உண்டு. அதில் சேர்ந்துள்ள கம்பனிகளின் வாகனம், இந்த வருட மொடல் அல்லது அதற்கு முந்திய நான்கு வருட மொடல், 160,000 கிலோமீற்றருக்குள் என்றால் முறையிடலாம், செலவில்லை.

நான் உங்கள் நிலையில் இருந்தால் என்ன எடுப்பேன்? மூன்று முதல் ஐந்து வருடம் ஓடிய சின்னக் கார். டேர்போ இல்லாத சிவிக், கொரோலா, இல்லையென்றால் இப்போதைய மஸ்தா 3. மஸ்தாவில் சீ.வீ.ரி என்ற, கியர் படிகள் இல்லாத ஓட்டோமற்றிக் கியர்பெட்டி இல்லாமல் பழைய பாணி ஆறு கியர் ஓட்டோமற்றிக் வருகிறது, அது எனக்குப் பிடிக்கும். புது உருவத்தில் வந்த முதல் வருட மொடலை எந்தக் கம்பனியாக இருந்தாலும் தவிர்ப்பேன். சீ.ஆர்.வியின் கதையும் டுண்ட்ராவின் கதையும் ஆரம்ப வருடங்களில்தான் நடந்தன. ஆனால் வட்டியையும் பாருங்கள்: பாவித்த காருக்கு வட்டி அதிகம், புதுசுக்குக் கம்பனி குறைந்த வட்டி தரும் சமயங்களில் மொத்தக் கணக்கு தலைகீழாகலாம். கணக்கு அப்படி வந்தால் ஹுண்டாயின் புது எலன்ராவைக் கேலி செய்ய எனக்குக் காரணம் இல்லை.

பாவித்ததென்றால் காரின் பழைய வரலாற்றைச் சொல்லும் கார்ஃபக்ஸ் அறிக்கை, யாரும் கடன் பாக்கி வைத்திருக்கிறார்களா என்ற விபரம், அப்புறம் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் தூக்கிப் பார்ப்பது. விற்பவர் தரும் சேஃப்ரி சான்றிதழ் 36 நாளுக்குத்தான் செல்லும். அது தெருவில் ஓடத் தகுதி என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. தனியாரிடம் வாங்கினாலும் 13 வீத வரி உண்டு, விலையைக் குறைத்து எழுதினால் சந்தை மதிப்புக்குத்தான் வரி எடுப்பார்கள். குளிர்கால ரயருக்கும் பணம் ஒதுக்குங்கள். கியூபெக்கில் கட்டாயம், இங்கே இல்லை, ஆனால் போட்டால் காப்புறுதியில் கழிவு தரவேண்டும் என்பது 2016 இலிருந்து விதி. இலையுதிர்காலத்தில் அடிப்பாகத்துக்குக் கறள் பிடிக்காமல் காக்கும் எண்ணெய் அடிப்பதையும் வருடச் செலவோடு சேருங்கள்.

உங்கள் லைசன்ஸ் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எழுதவில்லை. ஊரில் ஓட்டிய அனுபவம் 12 மாதத்துக்கு மேல் கணக்கில் சேர, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அல்லது தூதரகத்தின் கடிதம் வேண்டும். ஜீ2 என்ற இடைக்கட்ட லைசன்ஸில் இருந்தால் காப்புறுதிக்கு ஒரு விலை, முழு ஜீ என்றால் வேறு விலை. அதையும், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் ஓட்டுவீர்கள் என்பதையும் எழுதுங்கள், பிறகு மொடலைப் பற்றிப் பேசலாம்.